செட்டைப் பிரிக்காத சைபுல்லா

இதை நான் எழுதியது தெரிந்தால் சைபுல்லா என்னோடு பேசமாட்டான். பேசாவிட்டால் போகட்டும். பேசினால் மட்டும் என்ன வாழ்கிறது? கீரனூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, ஒரே கூரைக்குக் கீழே, அவனுக்குத் தையல் கடை, எனக்கு லேத்துப் பட்டறை. நடுவில் ஒரு தட்டி. இருபது வருடமாக அந்தத் தட்டி வழியாக அவன் என்னிடம் சொன்னதில் பாதி, "சத்தத்தக் கொறைய்யா நாகராசு, நூலு அறுந்துபோகுது" என்பதுதான். லேத்துச் சத்தத்தில் எங்காவது நூல் அறுமா? அறும் என்று சாதிப்பான்.

இந்தப் பக்கத்தில் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. 'ஆடுற றெக்கை பாய்'. கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு மிளகாய்க் கொல்லையில் அவன் நிறுத்திய காற்றுச் சக்கரம் பத்தொன்பது நாள் ஆட்டம் கண்டு, தண்ணீர் இறைக்காமல், பாதிப் பயிர் காய்ந்தது. அது அவனுடைய தையல் கோளாறு என்று ஊரெல்லாம் பேச்சு. அது பொய் என்று எனக்குத் தெரியும். அந்தப் பொய்யைச் சொன்னவனே சைபுல்லாதான் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

அவன் பிறந்தது கோட்டைப்பட்டினம் பக்கத்துக் கடற்கரை. அப்பா வலைக்காரர். இவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை, ஊசி ஒத்துக்கொண்டது. யுத்தம் நடந்தபோது திருச்சிக்கு அருகே இருந்த விமானத் தளத்தில் துணிக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தான். விமான இறக்கைகளுக்கு மேல் துணியைப் போர்த்தி இழுத்துத் தைக்கிற வேலை. அங்கே ஆட்டோகைரோ என்று ஒரு விநோதமான விமானம் வந்து நின்றதாம். மூக்கில் வழக்கமான விசிறி, தலைக்கு மேலே மூன்று நீள இறக்கை. அந்த மூன்றையும் எந்த எஞ்சினும் சுற்றுவதில்லை, விமானம் முன்னே போகப் போகக் காற்றே சுற்றிவிடும், அதில்தான் வண்டி மேலே நிற்கும் என்பான். அந்த இறக்கைகளுக்கு மூன்று வருடம் தைத்திருக்கிறான். ஆனால் ஓடுதளத்துப் பக்கம் போக அவனுக்கு பாஸ் கிடையாது. தான் தைத்தது சுற்றி ஒரு நாளும் பார்த்ததில்லை. கொட்டகைக்குள் உட்கார்ந்து சத்தம் கேட்டதோடு சரி.

நாற்பத்தெட்டில், புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருடம், அந்தத் தளத்துச் சாமான்களை ஏலம் விட்டார்கள். புத்தியுள்ளவர்கள் ஜீப் டயரும் தகர டின்னும் கூடாரத் துணியும் எடுத்தார்கள். நான் ஒரு துளைபோடும் மெஷின் எடுத்தேன், இன்றைக்கும் சோறு போடுகிறது. சைபுல்லா எடுத்தது ஆறு இறக்கை. ஒவ்வொன்றும் பதினெட்டு அடி. உள்ளே இரும்புக் குழாய், அதில் கோர்த்த மரச் சட்டங்கள், மேலே மெல்லிய பலகை, அதற்கு மேல் துணி. கூடவே, மூன்று இறக்கையையும் மாட்டுகிற இரும்புக் குடங்கள் இரண்டு.

"இத வச்சு என்னடா பண்ணப்போற?" என்றேன்.

"செட்டு மாப்ளே. மூணு மூணா ரெண்டு செட்டு. செவப்புப் புள்ளி போட்டது ஒண்ணு, நீலப் புள்ளி போட்டது ஒண்ணு. இந்தா பாரு, இது என் தையலு."

கேட்ட கேள்விக்கு அது பதிலா?

திருச்சியிலிருந்து இரட்டை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். வண்டிக்கு முன்னால் மாட்டுக் கொம்பைத் தாண்டியும் பின்னால் நாலு முழமும் நீட்டிக்கொண்டிருந்தது. வழியெல்லாம் ஆள் மறித்துக் கேட்டார்கள். தோணித் துடுப்பா, கோயிலுக்குக் கொடிமரமா என்று. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம். இவன் ஒவ்வொருவருக்கும் வண்டியை நிறுத்தி ஆட்டோகைரோவை முதலிலிருந்து விளக்கினான். வெயில் பட்டால் பசை இளகும் என்று சாக்கை நனைத்துப் போர்த்தினான். நனைந்த சாக்கில் ஈரம் இறங்கும் என்று அதையே பத்து நிமிடத்தில் எடுத்தான். காலையில் புறப்பட்ட வண்டி மறுநாள் மத்தியானம் கீரனூர் வந்தது.

ஆறு இறக்கையும் அவன் வீட்டு உத்தரத்தில் கயிற்றில் தொங்கின. வீடோ இருபது அடி. அவன் மனைவி ரம்லத் பீவி பொறுமைசாலி. ஒருநாள் மழைக்கு, துவைத்த துணியை நீலப் புள்ளி இறக்கைமேல் போட்டுவிட்டார். அன்றைக்கு அவன் போட்ட கூச்சல் என் பட்டறை வரைக்கும் கேட்டது.

"ஈரம் ஏறுனா எடை மாறும்னு எத்தன தடவ சொல்றது?"

"வீட்டுல மனுசருக்குக் கால நீட்ட எடமில்ல. றெக்கைக்கு மட்டும் தொட்டிலு கட்டிப் போட்டிருக்கீங்க. நீங்களே கேளுங்க அண்ணே" என்று, ஓடிப்போய் நின்ற என்னிடம் ரம்லத் பீவி முறையிட்டார். நான் என்னத்தைக் கேட்பது?

செட் என்றால் என்ன என்று அவனிடம் கேட்கக் கூடாது. கேட்டால் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்துவிடுவான். சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்: மூன்றும் ஒரே எடை இருக்கவேண்டும், மூன்றும் ஒரே இடத்தில் தூக்கினால் ஒரே மாதிரி நிற்கவேண்டும். ஒன்றில் ஒரு கொட்டைப்பாக்கு எடை கூடினாலும் சுற்றும்போது மொத்தமும் ஆட்டம் கொடுக்கும். வேகம் கூடக்கூட ஆட்டம் கூடும், கடைசியில் பிய்த்துக்கொண்டு போகும். எனவே ஒரு செட்டின் இறக்கையை இன்னொரு செட்டில் சேர்க்கக் கூடாது, செட்டைப் பிரித்து விற்கவும் கூடாது.

இதை வைத்துக் காற்றுச் சக்கரம் செய்து கிணற்றில் தண்ணீர் இறைக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது. நல்ல யோசனைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாங்க வருகிறவன் யார்? நம் ஊர்க்காரன். நம் ஊர்க்காரனுக்கு மூன்று ஆகாது. பெண் பார்க்க மூன்று பேராகப் போகமாட்டான், இலையில் மூன்று பண்டம் வைக்கமாட்டான். குளத்தூரிலிருந்து ரத்தினவேல் என்று பெரிய நிலக்காரர் ஒருவர், குடையும் கைக்கடிகாரமுமாக வந்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "ரெண்டு குடுங்க. இல்லாட்டி நாலு குடுங்க. மூணு வேண்டாம் பாய், வீட்டுல ஏசுவாக" என்றார்.

"செட்டப் பிரிக்கிறதில்லங்க" என்றான் சைபுல்லா.

அவர் போனதும் நான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். "ஏண்டா, ஆறு இருக்கு. மூணு ஜோடியா வித்துட்டு நிம்மதியா இரேன்."

அதற்கு அவன் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்து, "பக்கத்துப் பட்டறைக்காரருக்குச் சொல்லுங்க, சத்தம் ஜாஸ்தியா இருக்குன்னு" என்று சட்டை தைக்க வந்தவர்களிடம் சொல்லியனுப்புவான். இப்படியே ஏழு வருடம் போயிற்று.

ஐம்பத்தாறில் சோலையப்பன் வந்தார். கந்தர்வக்கோட்டைப் பக்கம், செம்மண் காட்டில் ஒன்றரை ஏக்கர் கொல்லை. கமலை இறைத்த இரண்டு மாடும் கோமாரியில் அடுத்தடுத்துப் போய்விட்டன. கிணற்றில் தண்ணீர் கிடக்கிறது, வைகாசியில் நட்ட மிளகாய் பூவெடுக்கிற பருவம், இறைக்கத்தான் வழியில்லை. அந்தப் பயிரை விட்டால் அந்த வருடத்துக்கு அவர்களுக்கு வேறு எதுவும் இல்லை. யாரோ தையல்கடை பாயைப் பற்றிச் சொல்லி, மேலுக்கு ஒரு துண்டோடு பஸ் ஏறி வந்திருந்தார். மூன்றா நான்கா என்று அவர் கேட்கவே இல்லை.

"ஆடிக் காத்துல சுத்துமா பாய்?"

"சுத்தும்."

"அப்ப குடுங்க."

சிவப்புப் புள்ளி செட்டை இறக்கினோம். இனி என் பாடு ஆரம்பித்தது. பதினெட்டு அடியை ஒன்பது அடியாகக் குறைக்கவேண்டும். ரம்பம் பிடித்தவன் நான். அவன் துணி அளக்கிற நாடாவை வைத்து ஒவ்வொன்றையும் முப்பது தடவை அளந்தான். அறுத்த முனைக்கு மர மூடி செதுக்கி, புதுத் துணி போர்த்தி, புளியங்கொட்டைப் பசை தடவி, மேலே வார்னிஷ் பூசினான். காற்றுக்கு முகம் கொடுக்க இறக்கையைக் கொஞ்சம் திருப்பி மாட்டவேண்டும் என்று இரும்பில் மூன்று ஆப்பு கடைந்து கொடுத்தேன். பழைய பஸ் ஒன்றின் பின் அச்சை நிமிர்த்தி வைத்து, மேலே சுற்றுகிற சுற்றைக் கீழே கிணற்றுக்கு இறக்கினேன். அங்கே சங்கிலியில் கோர்த்த வாளிகள். அந்த வேலையை நான்தான் செய்தேன் என்று எவனும் இன்றுவரை சொல்வதில்லை, அது கிடக்கட்டும்.

அப்புறம் எடை பார்த்தான். ஒரு மூங்கிலை நடுவில் தொங்கவிட்டு, இந்தப் பக்கம் ஒரு இறக்கை, அந்தப் பக்கம் ஒரு இறக்கை. சொந்த ஊரிலிருந்து வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டு ஒரு பை நிறையக் கொண்டுவந்து வைத்திருந்தான். அதைத் தட்டித் தகடாக்கி, நகத்தளவு நறுக்கி, எடை குறைந்த இறக்கையின் முனையில் ஒரு சின்னப் பை தைத்து அதற்குள் போட்டான். பையின் வாயை நூல் கயிற்றால் பின்னி முடிச்சுப் போட்டான். எட்டு நாள் இதே வேலை. ஒரு ஈ வந்து உட்கார்ந்தால் அதை ஓட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து பார்ப்பான். நடுவில் என்னையும் தூங்கவிடவில்லை, விடிவதற்கு முன்னால் வந்து கதவைத் தட்டி, "ரெண்டாவது கொஞ்சம் எறங்குறாப்ல தெரியுது, வந்து பாரு" என்பான். எனக்கு ஒன்றும் தெரியாது. எறங்குது என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுப்பேன்.

ஆடி பிறந்த அன்று கொல்லையில் இறக்கினோம். கிணற்றோரம் நாலு பனங்கட்டையில் கோபுரம் கட்டி வைத்திருந்தார் சோலையப்பன். அவர் மனைவி கண்ணாத்தாள் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று விரலை மடக்கி எண்ணினார்.

"மூணுதானாண்ணே? ஒண்ணு பின்னால வருதா?"

"மூணுதான் தங்கச்சி. செட்டு."

 சைபுல்லா ஈயப் பைகளைக் கடைசியாக ஒருமுறை திறந்து பார்த்து மூடுவதைக் கண்ணாத்தாள் கிட்டே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மாலை மாட்டி முடித்து, இறக்கையைக் கயிற்றால் கட்டிவிட்டுக் கீரனூர் திரும்பினோம். தினம் காலையில் சோலையப்பன் மேலே ஏறிக் கயிற்றை அவிழ்த்துவிட்டால் போதும்.

மூன்றாம் நாள் ஆள் வந்தது. சக்கரம் பேயாட்டம் ஆடுகிறது, பனங்கட்டை பெயர்ந்துவிடும் போலிருக்கிறது, கட்டிப்போட்டுவிட்டோம் என்று. இரண்டு பஸ் மாறிப் போனோம். நான் மேலே ஏறி, பைகளை அவிழ்த்து ஈயத்தைக் கீழே போட்டுவிட்டு, இறக்கைகளைக் கழற்றி இறக்கினேன். அவன் அங்கேயே மூங்கிலைத் தொங்கவிட்டு ஈயத்தை அதனதன் பையில் போட்டு எடை பார்த்தான். மூன்றும் சரியாக நின்றன. மறுபடி மாட்டினோம். நாங்கள் கிளம்பிய மறுநாள் மறுபடி ஆட்டம். மறுபடி ஆள், மறுபடி பஸ், மறுபடி மூங்கில். தரையில் வைத்தால் சரி, மேலே போனால் ஆட்டம். பஸ் அச்சு கோணலா என்று அதைக் கழற்றினோம். பனங்கட்டையைப் பிடுங்கி நட்டோம். என் ஆப்புதான் காரணம் என்றான், புதிதாக மூன்று கடைந்தேன். இதற்குள் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. கிழக்குப் பாதியில் செடிகள் தலை சாய்த்துக் கருகிவிட்டன. சோலையப்பனும் கண்ணாத்தாளும் குடத்தில் மொண்டு மேற்குப் பாதியை மட்டும் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

பார்க்க வந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள். மூணு மாட்டினால் இப்படித்தான்.

சைபுல்லாவுக்குச் சோறு இறங்கவில்லை. "என் கண்ணுதான் போச்சு போல மாப்ளே" என்றான் பஸ்ஸில். அவன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. எனக்கு அவன்மேல் கோபம் போய், அந்த மூன்று இறக்கைமேல் கோபம் வந்தது. அடுப்பில் வைக்கலாம் என்று இருந்தது.

கடைசித் தடவை போனபோது நாங்கள் ஆள் வரக் காத்திருக்கவில்லை. சொல்லாமல் முதல் பஸ்ஸிலேயே போய்விட்டோம். சோலையப்பன் வீட்டில் இல்லை, யாரிடமாவது ஒரு ஏர் மாடு இரண்டு நாளைக்கு இரவல் கிடைக்குமா என்று கேட்கப் போயிருந்தார். கண்ணாத்தாள் குடத்தோடு கொல்லைக்குள் நின்றார். நான் வழக்கம்போல ஏணியைத் தூக்கினேன். "இரு, இந்தத் தடவ நான் அவுக்கிறேன்" என்று சைபுல்லா கிணற்றுச் சுவரில் ஏறினான். கட்டிப் போட்ட இறக்கை ஒன்று நேர் கீழே தொங்கியது, சுவரில் ஏறி நின்றால் கைக்கு எட்டும். பையின் முடிச்சைத் தொட்டவன் அப்படியே நின்றுவிட்டான்.

"இது என் முடிச்சு இல்ல."

அவன் போடுவது கடற்கரை முடிச்சு, வலையில் போடுவது. இது பூக்கட்டுகிற முடிச்சு. பையை அவிழ்த்தான். ஈயத் தகட்டோடு ஒரு கல் வந்தது. எலுமிச்சங்காய் அளவு, கழுவித் துடைத்து, ஒரு பக்கம் மஞ்சள் தடவிய கல்.

இந்த இடத்தில் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளவேண்டும். அதற்கு முந்திய தடவைகளில் எல்லாம் முடிச்சை அவிழ்த்தவன் நான். எனக்கு முடிச்சு என்றால் முடிச்சு, அதில் என்ன முடிச்சு என்றா பார்ப்பேன்? அவனை அவிழ்க்கவிட்டிருந்தால் முதல் தடவையே தெரிந்திருக்கும்.

கண்ணாத்தாள் குடத்தை இறக்கிவிட்டு வந்து நின்றார்.

"நாந்தாண்ணே வச்சேன். மூணு பேரா எங்கிட்டும் கெளம்புனா ஒரு கல்ல மடியில முடிஞ்சுக்கிருவோம்ல, நாலாவது ஆளுக்கு. அதுமாதிரி வச்சேன். நீங்களே அந்தப் பைக்குள்ள ஏதோ போடுறீகளேன்னுதான் அதுல போட்டேன். நீங்க வாரீகன்னு தெரிஞ்சா எடுத்துருவேன். கண்டா வீசிப்புடுவீக. போனப்பறம் திரும்ப வச்சிருவேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஏம்மா, ஒங்க பயிரை நீங்களே..." என்று ஆரம்பித்தேன். சைபுல்லா என் கையைப் பிடித்தான். கண்ணாத்தாள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"அவுக தெனம் அம்புட்டு ஒயரம் ஏறுறாகண்ணே. எங்க அண்ணன் முனியசாமி கெணறு வெட்டப் போனப்ப மூணு பேராத்தான் போனாக. ரெண்டு பேருதான் திரும்பி வந்தாக. அன்னைக்குக் கல்லெடுத்து முடிஞ்சுவிடுன்னு ஆத்தா எங்கிட்டத்தான் சொன்னுச்சு. நான் வெளையாட்டுப் புத்தியில மறந்துட்டேன். பதினோரு வருசமாச்சு." பிறகு கருகிய பாதியைப் பார்த்தார். "இப்ப இதையும் நாந்தான் கொன்னேனா?"

ஒரு ஈ உட்கார்ந்ததற்கு ஊரைக் கூட்டுகிறவன், அந்தக் கல்லை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தான்.  பிறகு கேட்டான்.

"இது முனையிலதான் இருக்கணுமா தங்கச்சி? இல்ல, றெக்கையோட சேந்து சுத்துனாப் போதுமா?"

"கூட இருந்தாப் போதும்ணே."

அன்று மத்தியானமே என்னைக் கீரனூருக்கு விரட்டினான். பித்தளையில் ஒரு மூடி கடைந்து கொண்டுவரவேண்டும், இறக்கைகளை மாட்டிய இரும்புக் குடத்தின் நட்ட நடுவில் கல்லை வைத்து மூட. நடுவில் இருக்கிற எடை ஆட்டாது. மறுநாள் கொண்டுபோய் மாட்டினேன். சோலையப்பன் கேட்டதற்கு, அச்சுக்குத் தூசி போகாமல் இருக்க மூடி என்றான் சைபுல்லா. அவர் ஏறிக் கயிற்றை அவிழ்த்தார். மேல்காற்று பிடித்தது. மூன்று இறக்கையும் மெல்லக் கிளம்பி, வேகம் எடுத்து, ஒரு முனகல்கூட இல்லாமல் சுற்றின. வாளிகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து வாய்க்காலில் கவிழ்ந்தன. சைபுல்லா செம்மண்ணில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தான். அஸர் தொழுகைக்கு எழுந்து போனவன் திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தான்.

"மூணும் ஒண்ணாத் தெரியுது பாரு" என்றான்.

அவ்வளவோடு முடிந்திருந்தால் நான் ஏன் பேனாவை எடுக்கப்போகிறேன்?

சேதி பரவி மறுநாள் கூட்டம் வந்தது. குளத்தூர் ரத்தினவேலும் குடையோடு வந்திருந்தார். நீலப் புள்ளி செட்டை மூன்றாகவே எடுத்துக்கொள்ள அவர் மனம் இளகிவிட்டது, வாயெடுத்துச் சொல்லவும் சொன்னார். அப்போதுதான் சோலையப்பன் கருகிய பாதியிலிருந்து ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். குரல் உயரவில்லை.

"பத்தொம்பது நாளு பாய். இது பாதிக் கொல்லை. என்னத்துனால ஆடுச்சு? இப்ப எப்பிடிச் சரியாச்சு? அத மட்டும் எனக்குச் சொல்லுங்க."

எல்லாரும் சைபுல்லாவைப் பார்த்தார்கள். கூட்டத்துக்குப் பின்னால் இருந்து கண்ணாத்தாள் முன்னால் வந்தார்.  வாயைத் திறந்துவிட்டார்.

"தங்கச்சி" என்றான் சைபுல்லா. "தாகமா இருக்கு. கொஞ்சம் தண்ணி கொண்டாங்க."

கண்ணாத்தாள் அசையவில்லை.

"கொண்டாங்கன்னு சொல்றேன்ல."

அவர் போனார். அவர் குடிசைக்குள் நுழைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சைபுல்லா சோலையப்பனிடம் திரும்பினான்.

"என் தையலு தப்பு. ஒரு றெக்கையில துணி தளந்திருந்துச்சு, நான் பாக்கல. நேத்துத்தான் கண்டுபிடிச்சேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் என் காலை மிதித்தான். ரத்தினவேல் குடையை விரித்தார். "தெரிஞ்ச தொழில மட்டும் பாக்கணும் பாய்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மாதம் ஆயில் எஞ்சின் வாங்கிவிட்டதாகக் கேள்வி. கண்ணாத்தாள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தபோது பாதி சிந்திற்று. மிச்சத்தை வாங்கிக் குடித்தான்.

பஸ்ஸில் நான் கத்தினேன், கண்டக்டரே திரும்பிப் பார்த்தார். "ஒரு பாக்கு எடைக்கு என்னை எட்டு நாளு சாகடிச்சியேடா! இப்ப ஊருக்கு நடுவுல நின்னு ஒன் தையலு தப்புன்னு சொல்ற. ஒன் பேரு என்னாகுறது?"

"ஒரு தடவ மறந்ததுக்கே அந்தப் பொண்ணு பதினோரு வருசமாத் தூங்கல. இதையும் அது தலையில வைக்கச் சொல்றியா?" என்றான். "நீ வாயத் தொறந்தே, அப்பறம் என் மூஞ்சியில முழிக்காத."

அதோடு அவனிடம் இறக்கை கேட்டு யாரும் வரவில்லை. நீலப் புள்ளி செட் இன்றைக்கும் உத்தரத்தில் தொங்குகிறது. "ஒழுங்காத் தச்சிருந்தா வீட்டவிட்டு எறங்கியிருக்கும்" என்று ரம்லத் பீவி வாரம் ஒருமுறை சொல்வார். "ஆமா, தச்சிருக்கலாம்" என்று இவனும் தலையாட்டுவான். தட்டிக்கு இந்தப் பக்கம் நான் பல்லைக் கடிப்பேன்.

அறுபத்து நாலில் அந்தக் கொல்லைக்கு மின்சாரம் வந்தது. மோட்டார் வைத்தார்கள், சக்கரத்தைக் கழற்றினார்கள். சோலையப்பன் கோபுரத்திலிருந்து கடைசியாக இறங்கித் தரையில் கால் வைத்த அன்று, கண்ணாத்தாள் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். எட்டு வருடம் கழித்து.

மறுநாள் மத்தியானம் சோலையப்பன் கீரனூரில் பஸ்ஸிலிருந்து இறங்கி, தையல் கடை வாசலில் வந்து நின்றார். மேலுக்கு அதே துண்டு. அந்த மனிதர் சட்டை போட்டு நான் பார்த்ததில்லை. வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். 

சைபுல்லா மெஷினை நிறுத்தினான். "சட்டையாண்ணே?"

சோலையப்பன் தலையை ஆட்டினார்.

"துணி?"

துணி கொண்டுவரவில்லை. சைபுல்லா அதைக் கேட்காததுபோல எழுந்துவந்து, கழுத்தில் கிடந்த நாடாவை எடுத்து அவர் முதுகில் வைத்தான். தோளை அளக்கும்போது சோலையப்பனுக்கு அழுகை வந்துவிட்டது. தெருவில் போகிறவர்கள் பார்க்க, உடம்பு குலுங்கக் குலுங்க அழுதார். நான் தட்டி ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதாவது இவன் ஏதாவது சொல்வான் என்று நினைத்தேன்.

சைபுல்லா நாடாவை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஆடாம நில்லுங்கண்ணே" என்றான். "அளவு தப்பும்."